வேண்டாமென்று தள்ளிய ஒயின்

அவள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். வயிற்றுக்குள் மீதி நாட்களைக் கழிக்கக்கூடப் பொறுமையில்லாமல் வந்து விழுந்தவள் என்று அவளுடைய அம்மா கடைசிவரை சொல்லிக் காட்டினாள். வளர்ந்த பிறகும் அதே கதைதான். பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்துவிடுவாள். கதைப்புத்தகம் கையில் கிடைத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவாள். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். அது பெரும்பாலும் சரியான பதிலாகவும் இருந்து தொலைக்கும். பின்னாளில் அவளுக்குக் கணவனாக வந்த மனுஷன் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, தயங்கித் தயங்கித் தன் மனதில் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தபோது, “சரி, எனக்குச் சம்மதம். தேதியச் சொல்லுங்க” என்று முடித்து வைத்தவள் அவள்.

இப்படிப்பட்டவளுக்குப் போய் ஒயின் ருசி பார்க்கிற உத்தியோகம் அமைந்தது. அவள் தேடிப் போகவில்லை. திராட்சைத் தோட்டக்காரர்களிடம் ஒயின் வாங்கி ஹோட்டல்களுக்கு விற்கிற ஒரு கம்பெனியில் கிளாஸ் கழுவப் போனாள். ஒருநாள் கழுவு தொட்டியில் கை நனைத்தபடியே, முதுகுக்குப் பின்னால் மேஜையில் திறந்த பாட்டிலைப் பற்றி, “அது கெட்டுப் போச்சுங்க, ஈரச் சாக்கு நாத்தம் அடிக்குது” என்றாள். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்காமல் பாட்டிலின் தக்கையை எடுத்து முகர்ந்து பார்த்தார். தக்கை கெட்டுத்தான் போயிருந்தது. அடுத்த வாரமே அவளைத் தொட்டியிலிருந்து மேஜைக்கு மாற்றினார்.

அந்த மேஜையில்தான் அவள் வாழ்க்கை ஓடியது. நீளமான அறை, சுண்ணாம்பு வெள்ளைச் சுவர், ஒயினின் நிறம் சரியாகத் தெரிவதற்காக வெள்ளை ஃபார்மிகா தகடு பதித்த மேஜை. பாட்டில்களுக்கு லேபிள் தெரியாமல் காகித உறை மாட்டி, மேலே எண் எழுதி வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். முழங்கால் வலிக்காரரான ஸ்டோர்கீப்பர் ஒவ்வொன்றாகத் திறந்து இரண்டு விரல்கடை ஊற்றுவார். அவள் எடுப்பாள், ஒரு சுழற்று சுழற்றுவாள், முகர்வாள், ஒரு வாய் எடுத்துப் புரட்டுவாள், காலடியில் இருக்கும் தகர வாளியில் துப்புவாள். பிறகு “வேணும்” அல்லது “வேணாம்”. அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் மூன்றாவது வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. மற்ற கம்பெனிகளில் நான்கு பேர் கூடி உட்கார்ந்து மதியம்வரை மண்டையை உடைத்துக்கொள்வதை இவள் காலைக் காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். எதிரில் ‘அக்கா’ என்பவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘ஒருவாய்க்காரி’ என்றார்கள். அந்தப் பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூர அவளுக்கு அதில் பெருமைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலை நரைக்கிறவரை அந்த வேலையைப் பார்த்தவள், ஒரு கிளாஸ் ஒயினை முழுதாகக் குடித்ததே கிடையாது. வேலையில் விழுங்கினால் தலை சுற்றும், நாக்கு மழுங்கும், ஆகவே துப்பியே ஆக வேண்டும். வீட்டில் அவளுக்கு அதன்மேல் ஆசையே இல்லை. நாள் முழுக்க இனிப்புக் கிண்டுகிறவர் வீட்டுக்கு வந்து இனிப்பா கேட்பார்?

ஒரு வெள்ளிக்கிழமை மேஜையில் ஒரு சிவப்பு ஒயின் வந்தது. நிறம் நன்றாகத்தான் இருந்தது. முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. பூட்டிக் கிடக்கிற வீட்டுக் கதவில் முகத்தை வைத்தமாதிரி இருந்தது. வாயில் விட்டதும் துவர்ப்பு ஒரு பிடி பிடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துப்பிவிட்டு “வேணாம்” என்றாள். அடுத்த கிளாசுக்குக் கையை நீட்டினாள்.

தோட்டக்காரர்கள் வெளியே நடையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டோர்கீப்பர் போய் முடிவைச் சொல்வார், அவர்கள் எழுந்து போவார்கள். அன்றைக்கு அந்தச் சிவப்பு ஒயின்காரர் மட்டும் போகவில்லை. அவள் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது வாசலை மறித்து நின்றார். வெயிலில் வெளுத்த தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

“மேடம், அத கொஞ்ச நேரம் தெறந்து வச்சிருந்து பாருங்க. எங்கம்மா காலையில தெறந்து சாயங்காலம்தான் குடிப்பாங்க.”

“உங்கம்மா வீட்ல குடிச்சாங்க. நாங்க ஹோட்டலுக்கு விக்கிறோம். வர்றவங்க தெறந்த கையோட குடிப்பாங்களா, இல்ல சாயங்காலம்வரைக்கும் மொட்டு மொட்டுனு உக்காந்திருப்பாங்களா?”

அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சில ஒயின்கள் காற்றுப் பட்டால் மாறும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தூரத்துச் சொந்தக்காரரின் மகன் டாக்டர் என்று தெரிந்து வைத்திருப்பதுபோல, தெரியும், அவ்வளவுதான்.

“நாளைக்கு மெஷின் வருது மேடம்” என்றார் அவர். “சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிய வேரோட பிடுங்கப் போறாங்க. எங்கம்மா நட்டது. நீங்க வேணும்னு சொன்னா விட்டு வைக்கலாம்னு மச்சான் சொன்னாரு. அதான் வந்தேன்.”

அவளுக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் இப்படி ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். கதையைக் கேட்டு வாங்கினால் கம்பெனியை மூட வேண்டியதுதான். “என் கையில ஒண்ணும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். பொய் என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரியும். அவள் கையில்தான் எல்லாமே இருந்தது.

தள்ளிப்போட்ட பாட்டில்களில் மிச்சம் இருப்பதை வேலைக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமையலுக்கு ஊற்றிக்கொள்வது அங்கே வழக்கம். காலி பாட்டிலை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு அவள் கைக்குக் கிடைத்தது அந்தச் சிவப்பு ஒயின்தான். அதைப் பையில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவரைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை. சைன்போர்டு எழுதுகிறவர். எழுத்து எழுத்தாக உருட்டி எழுதி, நிழல் கொடுத்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி கிட்டே போகிற மனுஷன். சாப்பாட்டிலும் அப்படித்தான். அவர் ஒரு கவளத்தை மென்று முடிப்பதற்குள் அவள் தன் தட்டைக் காலி செய்து, கழுவிக் கவிழ்த்து, கொடியில் காய்ந்த துணியையும் மடித்து வைத்துவிடுவாள். “தட்டுல என்ன கல்லா இருக்கு?” என்று அவள் கேட்பதும், அவர் வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவதும் அந்த வீட்டில் தினப்படி நடக்கிற சங்கதி. ஒயினைப் பற்றி அவருக்கு ஒரு எழவும் தெரியாது. சிவப்பு, வெள்ளை என்பதோடு சரி.

அன்று மதியம் அவர் அந்த ஒயினில் ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “பல்லெல்லாம் கூசுது. நீ வேணாம்னது சரிதான்.” பிறகு அவள் பாட்டிலைக் கேட்பாளே என்று, மிச்சத்தை அகன்ற வாய் வைத்த தண்ணீர் ஜாடியில் சாய்த்தார். தன் வழக்கப்படி, சிந்தாமல், நூல் பிடித்தமாதிரி ஊற்றினார். ஜாடியைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் பெயின்ட் வாங்கப் போனார்.

வெயில் இறங்கும் நேரம். அவள் கூடத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ ஒரு வாசனை வந்தது. யாரோ பூ கொண்டுவந்திருக்கிறார்கள் என்று வாசலைப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. மறுபடி தேய்க்கக் குனிந்தாள். இப்போது பூ இல்லை. நன்றாகப் பழுத்து வெடித்த பழத்தின் தோல். அதற்குப் பின்னாலேயே முதல் மழைத்துளி விழுந்த மண். மூக்கை வைத்தே சம்பாதித்த பெண்ணுக்குத் தன் வீட்டுக்குள் வருகிற வாசனை எதிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மாடிப்படிக்குப் போய்ப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து முகர்ந்தாள். மேல்வீட்டுக்காரி ஏதோ புது சென்ட் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவளை மனதுக்குள் இரண்டு வார்த்தை திட்டினாள். கடைசியில் சமையலறைக்குள் வந்தாள். ஜன்னலில் ஜாடி இருந்தது.

நம்பவில்லை. மூக்கை ஜாடியின் வாயருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றுவிட்டாள்.

இதையா காலையில் துப்பினேன்? ஒரு கிளாசில் ஊற்றிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்தாள். நாக்கைப் பிடித்து இழுத்த அந்தத் துவர்ப்பு எங்கே போயிற்று? இருந்தது, ஆனால் இப்போது அது கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவதுபோல இருந்தது. துப்புவதற்கு மனசு வரவில்லை. விழுங்கினாள். அது தொண்டையில் இறங்கிப் போன பிறகும் வாயில் இருந்துகொண்டே இருந்தது. பூ போனது, பழம் போனது, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே, அது வந்தது. அடுத்தது வர அவள் காத்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் செய்யாமல், அடுத்தது என்ன என்று காத்திருந்தாள்.

கணவர் பெயின்ட் டப்பாக்களோடு வந்து பார்த்தபோது பதறிப்போனார். இத்தனை வருஷத்தில் அவள் சும்மா உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

“ஏம்மா, உடம்புக்கு என்ன? நெஞ்சு வலிக்குதா?”

“ஷ்ஷ்” என்றாள். “பேசாம உக்காருங்க.”

அவரும் உட்கார்ந்தார். அவருக்கும் ஊற்றினாள். அவர் ஒரு மிடறு குடித்து, வழக்கம்போல நிதானமாக வாயிலேயே வைத்திருந்து, பிறகு அவளைப் பார்த்தார். “மத்தியானம் குடிச்சதா இது?” என்றார். அவர் குரல் கம்மிப் போயிருந்தது. இருட்டத் தொடங்கும்வரை இரண்டு பேரும் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒயின் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் முடிந்துவிட்டது, இனி இதற்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அவள் நினைத்தாள். ஒவ்வொரு முறையும் அவள் நினைத்தது தப்பு. புதுச் செருப்பின் தோல் வந்தது. புகையிலை வந்தது. கடைசியில், நாளெல்லாம் வெயில் குடித்த பாறையில் சாயங்காலம் கை வைத்தால் வருகிற சூடு. அதற்கு வாசனை உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. இவ்வளவு பெரிய ஒன்று ஒரு பாட்டிலுக்குள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்து வந்த அழுகை அது.

பிறகு பயம் வந்தது. நாளைக்கு மெஷின் வருகிறது.

முதலாளிக்குப் போன் செய்தாள். அவர் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்.

“காலையில நான் சொன்னது தப்பு” என்றாள். “அந்த ஒயின் நமக்கு வேணும்.”

“நீயா பேசறே?” என்றார் முதலாளி. “யோசிச்சுத்தான் சொல்றியா? உன் வார்த்தைய நீயே ஒரு தடவ மாத்திட்டா, நாளைக்கு ‘வேணாம்’னு கேட்டவன் ஒருத்தன் விடாம வாசல்ல வந்து நிப்பான். உன் பேருக்குத்தான் கேடு.”

“நிக்கட்டும். அதுல எத்தன பேருக்கு நான் தப்பா சொன்னேனோ.”

“ஹோட்டல்ல எவன் காத்திருந்து குடிப்பான்?”

“காத்திருக்கணும்னு சொல்லித்தான் விப்போம். நான் சொல்லித் தர்றேன்.”

முதலாளி பெருமூச்சு விட்டார். ஆனால் தோட்டத்தின் விலாசத்தைத் தேடிக் கொடுத்தார். அங்கே இருந்த போனை யாரும் எடுக்கவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். கணவர் கூட வருவதாகச் சொல்லி ஷூவைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அதைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டார். “நான் லேஸ் கட்டி முடிக்கிறதுக்குள்ள பஸ் போயிடும். நீ ஓடு” என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோதே என்ஜின் சத்தம் கேட்டது. கல்லும் சரளையுமான சரிவில் அவள் ஓடினாள். ஓடுகிற வயசில்லை, ஆனாலும் ஓடினாள். மண்வாரி மெஷின் மேலே நின்று மூன்றாவது வரிசையில் வாய் வைத்துக்கொண்டிருந்தது. முதல் இரண்டு வரிசை வேரோடு வெளியே கிடந்தது. அதைப் பார்த்ததும் கால் தானாக நின்றது. கொடி அவள் இடுப்புக்குத்தான் வரும். கீழே இருந்த வேர் ஆள் உயரத்தையும் தாண்டிப் போயிருந்தது. பாறை இடுக்கில் நுழைந்து, நெளிந்து, தட்டையாக நசுங்கி, மறுபக்கம் வெளியே வந்து, மறுபடி உருண்டு பெருத்து, தண்ணீரைத் தேடி எங்கேயோ இறங்கியிருந்தது. எத்தனை காலம் பிடித்திருக்கும்! நேற்றுச் சாயங்காலம் அவள் குடித்தது இதைத்தான்.

“நிறுத்துங்க!” என்று கத்தினாள்.

தொப்பிக்காரர் வரிசையின் ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அவளை அடையாளம் தெரிந்து எழுந்தார். பக்கத்தில் அவருடைய மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். திடகாத்திரமான ஆள், பூட்ஸில் சேறு.

“நான் நேத்து சொன்னது தப்பு” என்றாள், மூச்சு வாங்க. “உங்க ஒயின வாங்கறோம். இருக்கிறது அத்தனையும். நீங்க காத்திருக்கச் சொன்னீங்க, நான் கேக்கல. தப்பு என்னோடது.”

தொப்பிக்காரர் திரும்பி, பிடுங்கிக் கிடந்த இரண்டு வரிசையைப் பார்த்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

மச்சான்தான் பேசினான். “நேத்து வேணாம், இன்னிக்கு வேணும். நாளைக்கு என்னன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டு வரிசை போயாச்சு. மிச்சத்தையும் எடுத்துட்டா நிலம் நல்ல விலைக்குப் போகும். நீங்க இந்த வருஷம் வாங்குவீங்க. அப்புறம் இத வச்சு நாங்க என்ன செய்யறது, சொல்லுங்க பாப்போம்.”

எந்த வருஷத்துக்கும் அவளால் வாக்குக் கொடுக்க முடியாது. மெஷின்காரர் இருக்கையில் உட்கார்ந்தபடி ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது.

“மேடம்” என்றார் தொப்பிக்காரர் மெதுவாக. “ஒண்ணு கேக்கலாமா? அது எப்படி இருந்துச்சு?”

அவளுக்குப் புரியவில்லை. “நீங்க குடிச்சதில்லையா?”

“குடிச்சிருக்கேன். எனக்கு எல்லாம் வெந்நீர் மாதிரிதான். சின்ன வயசுலேர்ந்து கொடிக்குக் கந்தகப் பொடி தூவித் தூவி மூக்கு செத்துப் போச்சு. எங்கம்மா எப்படிச் செய்வாங்களோ அப்படியே செய்யறேன், அவ்வளவுதான். சாயங்காலம் அவங்க அந்தக் கிளாச வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. என்ன இருக்குன்னு கேட்டா சிரிப்பாங்க. இவரு பீர்தான் குடிப்பாரு. அதுல என்ன இருக்குன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது மேடம்.”

‘வேணும்’ என்று சொல்லலாம், ‘வேணாம்’ என்று சொல்லலாம். வேறு எதையும் அவள் யாருக்கும் சொன்னதே இல்லையே. அவர் உட்கார்ந்திருந்த கல்லிலேயே உட்கார்ந்தாள்.

“மொதல்ல ஒண்ணுமே இல்லீங்க” என்று ஆரம்பித்தாள். “கதவ சாத்தி வச்ச மாதிரி இருந்துச்சு. நான் துணி தேச்சுக்கிட்டிருந்தேன். திடீர்னு வீட்டுக்குள்ள யாரோ பூ கொண்டாந்த மாதிரி...”

திக்கித் திக்கித்தான் சொன்னாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் கையை ஆட்டினாள். வாசலைப் போய்ப் பார்த்ததை, மேல்வீட்டுக்காரியைத் திட்டியதை எல்லாம் சொன்னாள். பழத்தோலைச் சொன்னாள், மழையைச் சொன்னாள். என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை என்று மெஷின்காரர் சாவியைத் திருப்பி அணைத்தார். சரிவு முழுக்க அமைதியானது. தொப்பிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் ஆரஞ்சுத் தோலுக்கு வந்தாள். தன் கணவரின் குரல் கம்மிப்போனதைச் சொன்னாள். அவசரப்படவில்லை. ஒரு மணி நேரத்தை விட்டு அடுத்த மணி நேரத்துக்குத் தாவவில்லை. புகையிலை வரைக்கும் வந்து, அதற்கடுத்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிறுத்தினாள்.

தொப்பிக்காரரின் கன்னம் நனைந்திருந்தது. மச்சான் கட்டியிருந்த கையை எப்போதோ அவிழ்த்துவிட்டிருந்தான். மெஷின் பக்கம் திரும்பி, “நீங்க வண்டிய எறக்கிக்கங்கண்ணே, இன்னிக்கு வேலை இல்ல” என்றான். பிறகு அவளுக்கு எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்து கேட்டான்.

“அப்புறம்?”